அளவுகோலில் சந்தனம்

நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். ஒரு பிடி நெல்லை அதற்குள் கொட்டினால் ஈரப்பதம் எண்ணாக வரும். எண் பதினேழைத் தாண்டினால் குவியல் களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். வானம் கறுத்துக்கொண்டு வரும் நேரத்தில் அந்தப் பெட்டியின் முன்னால் கைகட்டி நிற்காத விவசாயி டெல்டாவில் குறைவு.

வீரையன் அப்படித்தான் நின்றார். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் அவருடைய ஊர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழைத்த குடும்பம். அவர் காலத்தில்தான் கொஞ்சம் நிலம் பட்டாவோடு கைக்கு வந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு அவருடைய மகள் எழில்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

"இருபது" என்றார் எழுத்தர்.

"சார், இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்றாள் எழில்மொழி.

அதே பிடி நெல்லை எடுத்து அவர் மறுபடி கொட்டினார். பத்தொன்பது என்று வந்தது.

"அதே நெல்லுதானே சார்? இப்ப எப்படிக் குறையுது?"

"வீரையா, யாரு இந்தப் பொண்ணு?"

"நம்ம பொண்ணுதாங்க."

"மெஷினையே குறுக்கு விசாரணை பண்ணுது. வக்கீலுக்குப் படிக்க வை. நெல்லைக் காயவச்சு நாளைக்குக் கொண்டா."

அடுத்து நின்றவர் நிலக்கிழார் வீட்டுக்காரர். அவரிடம் எழுத்தர் "வாங்க, உட்காருங்க" என்றார். வீரையன் மறுநாள் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டாள். தண்ணீரை அந்தப் பெட்டி பார்ப்பதே இல்லை என்று தெரிந்தது. வேகமாகத் திசை மாறும் மின்சாரத்தைக் கொடுத்து, நெல் எவ்வளவு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்க்கிறது. ஈர நெல் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டு ஈரத்தை ஊகிக்கிறது. ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு ஓர் ஊகத்தில் தொங்குகிறது! அந்த ஆத்திரம் அவளை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டு போனது. அளந்தால் ஒழுங்காக அளக்க வேண்டும். இல்லையென்றால் அளக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு இருந்த கொள்கை இவ்வளவுதான்.

முனைவர் பட்டத்துக்கு யாரிடம் சேருவது என்ற கேள்விக்கு வீட்டில் பதில் தயாராக இருந்தது. பேராசிரியர் மனோகரன். தஞ்சைப் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பகலில் இயற்பியல் நடத்துவார். மாலையில் பகுத்தறிவு மேடைகளில் பேசுவார். வீரையன் சைக்கிள் மிதித்துப் போய் அவர் பேச்சைக் கேட்பவர். "கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டுறவன் படிச்சவன் இல்ல, படிச்ச பூசாரி" என்று ஒரு கூட்டத்தில் அவர் சொன்னபோது விசிலடித்தவர்களில் வீரையனும் ஒருவர். மகளைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பியதும் மனைவி நீலாம்பாளிடம், "நம்ம ஆளு. இனிமே கவலை இல்ல" என்றார்.

அவள் எடுத்துக்கொண்ட வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கரி அணுக்களால் ஆன குழாய் ஒன்று; தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. அதற்குள் எலக்ட்ரான்கள் அகலமான சாலையில் போவதுபோலப் போக முடியாது. வரப்பில் நடக்கிறவர்களைப் போல ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். நொடிக்குப் பல நூறு கோடி முறை திசை மாறும் மின்சாரத்தை அதில் செலுத்தினால், எலக்ட்ரான்கள் சட்டென்று திரும்ப மாட்டா. தமக்கும் எடை உண்டு என்று காட்டித் தயங்கும். சாதாரணக் கம்பியில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துபோகும் அந்தத் தயக்கம் இந்தக் குழாயில் வெளியே தெரிய வேண்டும் என்கிறது கோட்பாடு. இன்டக்டன்ஸ் எனப்படும் அந்தத் தயக்கத்தை அளப்பதே எழில்மொழியின் ஆய்வு.

சொல்வது எளிது. குழாயோடு கம்பியை இணைக்க, அது உட்கார்ந்திருக்கும் சில்லின், அதாவது சிப்பின், மேல் இரண்டு தங்கத் தகடுகள் வேண்டும். அந்தத் தகடுகள் பிடித்து வைக்கும் மின்னூட்டம் குழாயுடைய குரலை அமுக்கிவிடும். அதனால் குழாய் இல்லாத வெறும் சில்லு ஒன்றை முதலில் அளந்து, அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அளக்கும் கருவிக்கே பூச்சியம் எது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே வெல்வெட் பள்ளங்களில் விரல்நுனி அளவு உலோகத் துண்டுகள்: எதோடும் இணையாத ஓப்பன், நேராக இணைந்த ஷார்ட், இன்னும் சில. காலிபரேஷன் கிட் என்பார்கள். தினமும் காலையில் இவற்றை ஒவ்வொன்றாகக் கருவியில் மாட்டி, 'இதுதான் பூச்சியம், இதை வைத்துக்கொள்' என்று சொல்ல வேண்டும்.

சில்லுகளை எழில்மொழியே பெங்களூருவுக்குப் போய், அங்குள்ள தூய்மை அறையில் மாதக்கணக்கில் இருந்து செய்து எடுத்துவந்தாள். வெறும் சில்லை அளந்து வைத்தாள். குழாய் உள்ள சில்லுகளை அளக்கத் தொடங்குவதற்குள் ஆயுத பூஜை விடுமுறை வந்தது. வயலில் நடவு. அம்மாவுக்குத் துணையாக ஊருக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஆய்வகம் மணந்தது. கருவியின் நெற்றியில் குங்குமம், கதவில் மாவிலை. மரப்பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு துண்டிலும் ஒரு சந்தனப் பொட்டு.

"யாருடி இதுக்கெல்லாம் பொட்டு வச்சது?" என்று ஃபஹ்மிதாவிடம் கேட்டாள். ஃபஹ்மிதா அதிராம்பட்டினத்துப் பெண். பக்கத்து மேசையில் அதே பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

"உங்க பகுத்தறிவுச் சிங்கந்தான். நான் பொரிகடலைக்காக நின்னுக்கிட்டிருந்தேன். கண்ணால பாத்தேன்."

"சாரா? சும்மா சொல்லாத."

"வாப்பா மேல சத்தியமா. புதுப் பதிவாளர் வந்தாரு. 'இதென்ன சார் நகைப் பெட்டியா?'ன்னாரு. இவரு தொறந்து காமிச்சு, ஒண்ணொண்ணுக்கும் அழகா வச்சாரு. நீ இருந்திருந்தா உனக்கும் ஒண்ணு வச்சிருப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எல்லாத் துண்டுகளையும் எழில்மொழி துடைத்து வைத்தாள். வேலை தொடங்கியது. முதல் குழாயிலேயே தயக்கம் தெரிந்தது. மங்கலாக அல்ல, அப்பட்டமாக. கோட்பாடு சொன்னதைவிடவும் பெரிதாக.

மனோகரன் அவள் தோளைத் தட்டினார். கட்டுரை எழுதப்பட்டு ஒரு நல்ல ஆய்விதழில் வெளியானது. முதல் பெயர் எழில்மொழி, கடைசிப் பெயர் மனோகரன். பல்கலைக்கழக வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் பதிவாளர் படம் பெரிதாக, மனோகரன் படம் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக. எழில்மொழியின் படம் இல்லை, இடம் போதவில்லையாம். மனோகரன் தலைமையில் ஒரு புதிய ஆய்வு மையம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வீரையன் ஊரில் சாக்லெட் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்ததாக அவள் நீளமான குழாய் உள்ள சில்லை எடுத்தாள். குழாய் இரண்டு மடங்கு நீளமானால் தயக்கமும் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவில்லை. அதே அளவுதான் வந்தது. இன்னும் நீளமானது. அதே அளவு. எதை வைத்தாலும் கருவி ஒரே பதிலைச் சொன்னது. கடைசியில், குழாயே இல்லாத வெறும் சில்லை எடுத்து மறுபடி மாட்டினாள். பூஜைக்கு முன்னால் எந்தத் தயக்கமும் காட்டாத அதே சில்லு.

"ஃபஹ்மி, இங்க வா. எதுவுமே இல்லாத சில்லு இது. இன்டக்டன்ஸ் காட்டுது பாரு."

"எவ்வளவு?"

"பேப்பர்ல போட்டோமே, அவ்வளவு."

ஃபஹ்மிதா திரையைப் பார்த்தாள். பிறகு இருவரும் மரப்பெட்டியைத் திறந்து, ஓப்பனை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள். நடு ஊசியைச் சுற்றிப் பஞ்சுக் குச்சி நுழையாத ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம். பொட்டு வைத்தபோது வழிந்து உள்ளே இறங்கிய சந்தனம், காய்ந்து அப்பிக்கொண்டிருந்தது.

மழைக்காலக் காற்றில் ஈரம் ஏறிய சந்தனம். கொள்முதல் பெட்டிக்குள் ஈர நெல் செய்யும் வேலையை அது இங்கே செய்தது. தராசில் நனைந்த சாக்கை வைத்துவிட்டு முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பினால், பிறகு ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் எடை குறைந்துதான் தெரியும். சந்தனம் பிடித்து வைத்த மின்னூட்டத்தையும் சேர்த்துப் பூச்சியம் என்று கற்றுக்கொண்ட கருவி, ஒவ்வொரு சில்லிலிருந்தும் அவ்வளவையும் கழித்துக் காட்டியது. மின்னூட்டம் குறைந்தாலும் எலக்ட்ரான் தயங்கினாலும் அந்தத் திரையில் கோடு ஒரே பக்கம்தான் சாயும். பூஜைக்கு முன் அளந்த வெறும் சில்லின் எண்ணைக் கழித்ததால் பிழை அப்படியே மிஞ்சி நின்றது. உலகத்துக்கு அவர்கள் அறிவித்த கண்டுபிடிப்பு, சந்தனத்தின் மின் பண்பு.

மனோகரனின் அறைக்கு ஓப்பனை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார். விவரம் தெரிந்தவர், விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாதுன்னு உனக்கே தெரியும்மா. பதிவாளர் வந்து நிக்கிறாரு. வைக்கலைன்னா மேடைப் பேச்சை ஆபீசுக்குக் கொண்டு வர்றான்னு சொல்லுவாங்க."

"மேசைக்கு வச்சிருக்கலாமே சார்."

"பெட்டி பார்க்க லட்சணமா இருந்துச்சு" என்றார், தானே வெட்கப்பட்டவர் போல.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம் சார். கிட்டைச் சுத்தம் பண்ணிட்டு, வெறும் சில்லையும் குழாயையும் ஒரே நாள்ல அளந்தா உண்மையான எண்ணு வந்துடும். சின்னதா இருக்கும். ஆனா இருக்கும் சார். எனக்கு ஒருநாள் போதும்."

"திரும்ப வாங்குறதுக்கு என்ன காரணம் எழுதுவ?"

"நடந்ததை."

"நடந்ததை எழுதினா பக்திமான் என்னை அடிக்க வருவான். நம்ம ஆளுங்க கைகொட்டிச் சிரிப்பாங்க. சென்டர் போயிடும். அடுத்த கட்டுரையில மெதுவா எண்ணைக் குறைச்சுக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

சூடம் காட்டுகிறவனைப் பூசாரி என்று மேடையில் ஏசியவர் இவர். பூசாரியாவது தான் செய்வதை நம்பிச் செய்கிறான். நம்பாமலே பொட்டு வைத்தவரை எந்தப் பெயரால் அழைப்பது? அச்சத்துக்குக் கொள்கை என்று பெயர் சூட்டி, மாலை போட்டு ஊர்வலம் விடுகிற கூட்டம் நம்மிடம் பெருத்துவிட்டது. அதைச் சொன்னால் எதிரிக்கு உதவுகிறான் என்பார்கள். சொல்லாமல் விட்டதற்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் எழில்மொழியின் தெருவிலிருந்து வருகிறவர்கள்.

அவள் ஆய்விதழுக்கு எழுதிவிட்டாள். முடிவு தவறு, காரணம் இது என்று.

பல்கலைக்கழகம் ஆய்வகச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. குழுவில் ஒருவர் முதல் கேள்வியாக, "சந்தனத்தை அசிங்கம்னு எழுதியிருக்கியாமே?" என்றார். கருவிக்கு மாசு என்ற பொருளில்தான் எழுதினேன் என்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னொருவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரிடம், "முதல் தலைமுறை. நுட்பமான கருவிக்குக் கை பழகியிருக்காது" என்றார். சில்லுகளை அணு அணுவாகக் கட்டிய கை அது. மனோகரன் அந்த அறையில்தான் இருந்தார். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜையன்று ஆய்வகத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். ஃபஹ்மிதா உள்ளே போய், பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டதாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

வெளியே வந்ததும் எழில்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழிலு, நான் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு யோசி. பூஜை பண்ணினதால மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ற பொண்ணு பேரு ஃபஹ்மிதா. அப்புறம் அது சந்தனம் பத்தின விஷயமாவா இருக்கும்?"

எழில்மொழிக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

பிறகு மனோகரன் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். காலிபரேஷன் துண்டுகளை முறையாகப் பராமரிக்காதது தன் கவனக்குறைவு என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிடறோம், நீ கேட்ட மாதிரியே. இதுல கையெழுத்துப் போடு. நாளைக்கே லேப் சாவியை வாங்கிக்க. உன் சில்லு, உன் அளவு. தீசிஸை நான் பார்த்துக்கறேன்."

பேரம் நல்ல பேரம் போலத்தான் தெரிந்தது. அவள் வேண்டியதெல்லாம் அந்த ஒருநாள். எண் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

வீரையன் படித்துவிட்டு மடித்து வைத்தார். "போட்டுடும்மா."

"நான் துடைச்சேம்ப்பா. அவரு வச்சதைத்தான் துடைச்சேன். என் கவனக்குறைவுன்னா எப்படிப் போடறது?"

"அவரு நம்ம ஆளு. நம்ம ஆளைச் சபையில காட்டிக் குடுத்தா அந்தப் பக்கத்துக்காரன் கொண்டாடுவான். நாலு எழுத்து. போட்டுட்டுப் படிப்பை முடி."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த நீலாம்பாள் கத்தியைக் கீழே வைத்தாள். வெள்ளி தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். "நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு எத்தனை வருசமா சொல்லிக்கிட்டிருக்கீங்க? நானும் சந்தனம் வைக்கிறேன். அம்மன் நெத்தியில வைக்கிறேன், கண்ணுக்குள்ளயா அப்பறேன்? அப்புன ஆளு சட்டை கசங்காம இருக்காரு. எம் பொண்ணு தலைகுனியணுமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது நீலா."

"புரியாமதான் கேக்குறேன். வச்சது யாரு? அதைச் சொல்லுங்க."

வீரையன் வரப்புப் பக்கம் எழுந்து போனார்.

எழில்மொழி கையெழுத்துப் போடவில்லை. தாளை அப்படியே மனோகரனின் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சார், தப்பான எண்ணைத் திருத்தத்தான் எழுதினேன். தப்பான காரணத்தைக் குடுத்துட்டுத் திருத்தினா, திருத்தினதா ஆகாது."

அவளுடைய கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. ஆய்விதழில் அறிவிப்பு வந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியரான எழில்மொழி அளவுத் துண்டுகளைச் சரியாகக் கையாளாததால் மாசு சேர்ந்தது. அதனால் கட்டுரை 'ரிட்ராக்டட்', அதாவது திரும்பப் பெறப்படுகிறது. நிறுவன விசாரணையில் கண்டறிந்தது என்று ஓர் அழகான சொற்றொடர். சந்தனம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆய்வகச் சாவி அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறு வழிகாட்டி யாரும் அவளை ஏற்கவில்லை. 'பிரச்சினை பண்ற பொண்ணு' என்ற செய்தி கட்டடம் கட்டடமாக நடந்துபோனது. ஆய்வு மையம் திறந்தது. திறப்பு விழாவில் அறிவியல் மனப்பான்மை பற்றி மனோகரன் உருக்கமாகப் பேசியதாகப் பத்திரிகையில் வந்தது. வீரையன் அந்தப் பத்திரிகையைப் பாதி படித்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் போட்டார். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் போகவில்லை. மகளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

எழில்மொழி இப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். ஒருநாள் வகுப்புகளுக்கு இடையில் தொலைபேசி வந்தது. ஃபஹ்மிதா.

"எழிலு, வேற யாராவது சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடணும். எண்ணு வந்துருச்சு. பேப்பரும் வந்துருச்சு."

"எந்தச் சில்லு?"

"உன்னோடதுதான். பெங்களூருல நீ பண்ணிட்டு வந்தது."

"வெறும் சில்லை எப்ப அளந்த?"

"ஒவ்வொரு தடவையும், அதே நாள்ல. நீ சொன்ன மாதிரியே."

"நீளத்தோட ஏறுதா?"

"ஏறுதுடி. நேர்கோடா ஏறுது."

எண்ணைக் கேட்டாள். ஃபஹ்மிதா சொன்னாள். கரும்பலகையின் ஓரத்தில் எழில்மொழி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கோட்பாட்டுக்கு அருகிலேயே வந்து நின்றது. சிறிய எண். சரியான எண்.

"நல்லா அளந்திருக்க" என்றாள். அவள் அதை மனதாரச் சொன்னாள். அதுதான் பொறுக்க முடியாதது. "நடுவுல பூஜை வந்திருக்குமே. கிட்டை என்ன பண்ணின?"

"என் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்."

"சாருக்குத் தெரியுமா?"

ஃபஹ்மிதா தயங்கினாள். "அவருதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. மரப்பெட்டியை மட்டும் வச்சுட்டுப் போம்மா, அதுக்குப் பொட்டு வச்சுக்கலாம்னாரு."

மணி அடித்தது. மாணவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

"உன் பேரைப் போடணும்னு கேட்டேன் எழிலு. நெசமா கேட்டேன். ஒத்துக்கல."

"நன்றின்னு சொல்ற இடத்துலகூட இல்லையா?"

"இல்ல. ரெஃபரன்ஸ்ல மட்டும் இருக்கு. பழைய பேப்பரைச் சொல்ற எடத்துல. பக்கத்துல ரிட்ராக்டட்னு போட்டிருக்கு."

"படி."

"வேணாண்டி."

"படி ஃபஹ்மி."

ஃபஹ்மிதா படித்தாள். முதல் பெயர் எழில்மொழியுடையதாகவே இருந்தது.